வேன் விவகாரத்தில் அம்மன் சொன்னது

எங்கள் வீட்டுக்கு ஒரு வேன் வேண்டும் என்று அப்பா முடிவு செய்தபோது நான் இரண்டாம் வகுப்பில் இருந்தேன். முடிவு செய்தார் என்பதைவிட அறிவித்தார் என்பதே சரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோழிக்கறியும் சோறும் சாப்பிட்டுவிட்டு எழுந்தவர், "இனிமே இந்தக் காடி நமக்குப் பத்தாது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். எங்கள் பக்கத்தில் காருக்குக் காடி என்றுதான் பெயர். அம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "இப்ப யாரு பத்தலைன்னு அழுதா?" என்று கேட்டார். குழாய்ச் சத்தத்தில் அது அப்பாவின் காதில் விழவில்லை, அல்லது விழாததுபோல அவர் இன்னும் கொஞ்ச நேரம் கை கழுவினார்.

நியாயமாகப் பார்த்தால் காடி பத்தவில்லைதான். அக்கா கல்யாணமாகிக் கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் இருந்தார். அக்கா, மாமா, கைக்குழந்தை மூவரும் சுங்கை பினாங்கிலிருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டால், அங்கிருந்து எங்கே கிளம்பினாலும் இரண்டு நடை போக வேண்டும். முதல் நடையில் முக்கியமானவர்கள் போவார்கள். இரண்டாம் நடையில் நானும் சோற்றுப் பாத்திரங்களும் போவோம். ஒரு தைப்பூசத்தன்று கூட்டத்தில் மாட்டிக்கொண்ட காடி திரும்பி வர வெகு நேரமாகிவிட்டது. கட்டடத்தின் கீழே, தயிர்சாத வாளிக்குப் பக்கத்தில், பட்டுப் பாவாடையோடு நின்றுகொண்டிருந்தேன். வாளியையும் என்னையும் பார்த்துக்கொள்ளச் சொல்லப்பட்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா தன் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகிறவர் வருகிறவரெல்லாம், "யாரும் இல்லையா பாப்பா?" என்று கேட்டார்கள். "இருக்காங்க, வருவாங்க" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். கேட்பவர்கள் கூடக் கூட எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நான் எங்கள் வீட்டில் காலம் கடந்து பிறந்தவள். எனக்கு விவரம் தெரிவதற்குள் அக்காவுக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள். அண்ணன் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்த சிரிப்புகள், சண்டைகள், வைத்த பட்டப்பெயர்கள் எல்லாம் நான் வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தன. படம் முடிந்து விளக்குப் போட்டபிறகு தியேட்டருக்குள் நுழைந்தவள் மாதிரி நான் அந்த வீட்டில் இருந்தேன்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கடலுக்கு அந்தப் பக்கம், கொள்கலன்கள் அடுக்கும் இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அம்மா ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் இருந்தார். இருவரும் வீடு திரும்பச் சாயங்காலம் ஆகும். பள்ளி முடிந்து நான் வரும்போது வீட்டில் அண்ணன் மட்டும் இருப்பார், அதுவும் தூங்கிக்கொண்டிருப்பார். பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு இரவு வேலை. திரைச்சீலையை இழுத்துவிட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, தலையணையை முகத்தின்மேல் போட்டுக்கொண்டு தூங்குவார். கழுத்தில் தொங்கும் சாவியால் கதவைத் திறந்து, சட்டையை மாற்றி, மூடி வைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, நான் அவர் அறை வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அந்த வீடு அந்த நேரத்தில் எனக்குப் பயமாக இருக்கும். சத்தம் போடக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. ஆனால் என் அளவுகோல் அடிக்கடி தரையில் விழும்.

"ஏன்லா பாப்பா, உன் ரூலருக்கு உயிர் இருக்கா? தானா குதிக்குது?" என்று உள்ளிருந்து குரல் வரும்.

அந்தக் குரல் வந்துவிட்டால் எனக்கு நாள் தொடங்கிவிடும். மைலோ கலக்குவார். முட்டை உடைத்து ஊற்றி மேகி செய்வார். வெயில் தணிந்ததும் மோட்டார் சைக்கிளில் என்னை முன்னால் உட்காரவைத்து, வெல்ட் கீ கடலோரத்துக்குக் கூட்டிப் போவார். அங்கிருந்து பார்த்தால் எதிர்க்கரையில் பாரந்தூக்கிகள் வரிசையாக நிற்கும். "அதோ, அப்பா அங்கதான் இருக்காரு, கைய ஆட்டு" என்பார். நானும் ஆட்டுவேன். எனக்கு அண்ணனைவிட்டால் பேச்சுத்துணை கிடையாது. அண்ணனுக்கு நண்பர்கள் நிறைய உண்டு என்பதும், எனக்காக அவர் அந்தச் சாயங்காலங்களை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு வந்தார் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

அப்பா பார்த்து வைத்திருந்த வேனில் எட்டு இருக்கைகள். அவற்றை அவர் எங்களுக்குப் பங்கு போட்டுக் காட்டினார். அவர், அம்மா, அண்ணன், நான், அக்கா, மாமா, குழந்தை. "ஒன்னு மிச்சமாகுதே?" என்று மாமா கேட்டார். "அது மருமகளுக்கு" என்றார் அப்பா. அண்ணனுக்குப் பெண் பார்க்கும் பேச்சே வீட்டில் எழவில்லை. இல்லாத மருமகளுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்ததும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி நடைபாதைக்குப் போய்விட்டார்.

வேன் வேண்டாம் என்று அம்மா சொல்லவில்லை. அங்கேதான் விஷயம் சிக்கலானது. "வேணும்னா வாடகைக்கு எடுக்கலாம்" என்றார்.

இதைச் சொன்னது அம்மா என்பதை என்னால் நம்ப முடியவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கொத்து கறிவேப்பிலை வாங்கினால் மறுநாளே இரண்டு கொத்தாகத் திருப்பிக் கொடுப்பவர் அவர். அக்காவின் கல்யாணத்துக்கு நகையை வாடகைக்கு எடுக்கலாம் என்று யாரோ சொன்னதற்கு மூன்று மாதம் அவர்களோடு பேசாமல் இருந்தவர். அடுத்தவர் பொருள் நம் வீட்டில் ராத்திரி தங்கினால் அவருக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவர், ஆயிரம் பேர் உட்கார்ந்து எழுந்த வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தலாம் என்கிறார்.

இப்போது சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருந்தது. வீட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும் அது தெரியும். அப்பாவுக்குப் பணி ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்ததால் வங்கி அவர் பெயருக்குக் கடன் தராது. வேன் வாங்கினால் அண்ணன் பெயரில்தான் வாங்க வேண்டும், ஒன்பது வருஷம் கட்ட வேண்டும். சிங்கப்பூர் போய்க் காலூன்ற அவர் சேர்த்து வைத்திருந்தது முழுக்க முன்பணமாகப் போய்விடும். வேனை வாங்கினால் அண்ணன் இங்கே இருப்பார். வாடகைக்கு எடுத்தால் போய்விடுவார். அப்பா, அம்மா, அண்ணன் மூவருமே இதை நன்றாக உணர்ந்திருந்தார்கள். ஆனால் ஒருவர்கூடச் சிங்கப்பூர் என்ற பெயரை வாயால் சொல்லவில்லை. வேன், வேன் என்றே சண்டை போட்டார்கள்.

நானும் வேன் என்றே நம்பினேன். வாங்க வேண்டும் என்பது என் கட்சி. சொந்த வேன் வந்தால் இரண்டாம் நடை இருக்காது.

ஒரு சனிக்கிழமை ஜெலுத்தோங் பக்கம் இருந்த ஒரு கடைக்கு வேன் பார்க்கப் போனோம். விற்பனைக்கு நின்ற சீனத் தம்பி அப்பாவிடம் மலாயில் தொடங்கினான். அப்பா அவன் மொழியான ஹொக்கியனில் பதில் சொன்னார். துறைமுகத்தில் அத்தனை வருஷம் இருந்தவருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அவன் அசந்துபோய், "அங்கிள், அங்கிள்" என்று பின்னாலேயே வந்தான். எங்களை உள்ளே ஏறி உட்காரச் சொன்னான்.

நான் முந்திக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். புது பிளாஸ்டிக் வாசனை அடித்தது. அப்பா முன்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அம்மா ஏதோ சொன்னார். கண்ணாடிகள் மூடியிருந்தும் அவர்கள் பேசுவது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவர்களின் பின்னந்தலைகள்தான் தெரிந்தன. இவ்வளவு பெரிய வண்டியிலும் நான் கடைசியில்தான் இருக்கிறேன் என்பது திடீரென்று உறைத்தது. அழுகை வரும்போல இருந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணன் இருக்கையை மடக்கி, தலை கூரையில் இடிக்க, குனிந்து நெளிந்து உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாப்பா, உனக்கு எது வேணும்? வாங்கணுமா, வாடகையா?"

"வாங்கணும்."

"ஏன்லா?"

"வாங்கினா ஒன்பது வருஷம் நம்மகூடயே இருக்கும்னு அப்பா சொன்னாருலா."

"ஒன்பது வருஷம் கழிச்சு உனக்கு என்ன வயசு தெரியுமா?"

விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "பதினேழு" என்றேன். பதினேழு வயதுப் பெண்ணாக என்னை நினைத்துப் பார்த்தே எனக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப உனக்கு?" என்று கேட்டேன். அண்ணன் முழங்காலில் இருந்த என் கையை எடுத்துத் தன் கைமேல் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, இன்னொரு வேன்தான் நின்றது.

அடுத்த வாரம் அம்மா கட்சியின் முறை. வாடகைக்கு வேன் விடும் பாய் ஒருவர் எங்கள் பக்கத்துக் கடைத்தெருவில் இருந்தார். கல்யாணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் அவர் வண்டிகள்தான் ஓடும். வருஷக் கணக்கிலும் கொடுப்பார். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் வரவழைத்துக் கொடுத்து, "சொந்தம்னா ஒன்பது வருஷக் கட்டு அண்ணே. நம்மகிட்ட ஒரு வருஷம் எடுத்துப் பாருங்க. மனசு மாறினா சாவிய மேசமேல வச்சிட்டுப் போயிட்டே இருக்கலாம்" என்றார்.

"மனசு மாறுறவனுக்குத்தான் பாய் வாடகை வண்டி" என்றார் அப்பா. பாயைப் பார்த்துச் சொல்லவில்லை. அண்ணன் தன் கண்ணாடிக் குவளையில் சீனி அடியில் தங்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் ஒன்றும் புரியாமல் எனக்கு இன்னொரு ரொட்டி சொன்னார்.

அதற்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். பேச வேண்டியதெல்லாம் என் வழியாகப் போனது. "சோறு ஆறுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு." "பசி இல்லன்னு உங்கம்மாகிட்ட சொல்லு." இரண்டு பேரும் ஒரே மேசையில்தான் இருப்பார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக என்னைக் கேட்காமல் அந்த வீட்டில் ஒரு காரியமும் நடக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒருநாள் அம்மா, "அவன் வயசுல அவர மட்டும் யாராச்சும் கட்டிப் போட்டாங்களான்னு கேளு" என்றார். நான் அப்படியே கேட்டேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போனார். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். பழைய காடியின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். எங்கேயும் போகவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் அம்மனிடம் கேட்டுவிடலாம் என்று சொன்னது அப்பாதான்.

எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்மன் கோவில் உண்டு. இப்படியா அப்படியா என்று மனிதர்களால் முடிவு செய்ய முடியாததை அங்கே பூப் போட்டுப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை அழைத்து ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எந்த நிறம் வருகிறதோ அதுதான் தீர்ப்பு. கல்யாணம், வீடு, அறுவைச் சிகிச்சை எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். வேனுக்குக் கேட்டது நாங்களாகத்தான் இருப்போம். வெள்ளை வந்தால் வாங்குவது, சிவப்பு வந்தால் வாடகை என்று முடிவானது. எடுக்கப்போகும் குழந்தை நான். அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவிலில் கூட்டம். பூசாரிக்கு மூச்சுவிட நேரமில்லை. "நீங்களே மடிச்சிக் கொண்டாங்கண்ணே" என்று அப்பாவிடம் பூக்களையும் வாழையிலைத் துண்டுகளையும் நூலையும் கொடுத்துவிட்டார். கோவிலுக்குப் பின்னால் குழாயடியில் போய், எங்களுக்கு முதுகு காட்டிக் குந்தி உட்கார்ந்து, அப்பா மடிக்கத் தொடங்கினார். முரட்டுக் கை. பொட்டலம் மடிப்பது அவருக்கு வராத வேலை. அம்மா உதவிக்குப் போகவில்லை. என் காதில், "பாரேன், ரெண்டுலயும் வெள்ளையத்தான் வைப்பாரு. எனக்குத் தெரியாதா அவரப் பத்தி?" என்றார். அம்மா இப்படிச் சொன்னதும் எனக்கு ஒரே சந்தோஷம். அப்படியென்றால் வேன் வந்த மாதிரிதான்.

அண்ணன் உள்ளே வரவில்லை. "செருப்பு காணாமப் போயிடும்" என்று வெளியே நின்றுகொண்டார். எங்கள் செருப்புகளைத் திருட எவனும் வரமாட்டான் என்பது ஊருக்கே தெரியும்.

கற்பூரம் காட்டினார்கள். பூசாரி என்னை முன்னால் இழுத்து நிறுத்தி, "பாப்பா, அம்மாவ நல்லா கும்பிட்டுக்கிட்டு ஒன்னு எடு" என்றார். வெள்ளை, வெள்ளை, வெள்ளை என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடிக் கையை நீட்டினேன். கையில் ஈரமான இலை பட்டது. அதையே எடுத்துக் கொடுத்தேன். அவர் நூலைப் பிரித்தார்.

சிவப்பு அரளி.

அப்பா இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். கும்பிட்ட கை இறங்க நேரமாயிற்று. பிறகு, யாரையும் பார்க்காமல், ஆனால் அம்மாவுக்குக் கேட்கும்படி, "அம்மனே சொல்லிட்டா. அதுக்கு மேல நான் யாரு?" என்றார். வாரக்கணக்கில் நீடித்த சண்டை இவ்வளவு சீக்கிரம் முடிந்துபோனது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஜெயித்தவர் ஏன் அழ வேண்டும் என்று எனக்கு எரிச்சல் வந்தது. அழ வேண்டியவள் நான்.

அண்ணனிடம் சொல்ல வெளியே ஓடினேன். "சிவப்பு" என்றேன். அவர் செருப்புகளுக்கு நடுவே படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்பா என்ன சொன்னாரு?" என்று கேட்டார். அம்மன் சொன்னதாக அப்பா சொன்னதைச் சொன்னேன். "சத்தம் போட்டாரா?" "இல்ல." அவர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு செருப்பைத் திருப்பித் திருப்பி வைத்தார். அது யாருடைய செருப்போ.

மறுபடியும் உள்ளே போனபோது எங்கள் அர்ச்சனைத் தட்டு ஓரமாக இருந்தது. பூசாரி அடுத்தவர்களிடம் போய்விட்டார். தட்டில் தேங்காய் மூடிக்கும் வாழைப்பழத்துக்கும் இடையே நான் எடுக்காமல் விட்ட பொட்டலம் கிடந்தது. எனக்குக் கிடைக்காமல் போன வெள்ளைப் பூவை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. எடுத்துப் பிரித்தேன்.

அதிலும் சிவப்பு அரளிதான் இருந்தது.

குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் ஓடினேன். "அப்பா, இதுலயும் செவப்பு!" என்று கத்தினேன். அப்பா முதலில் என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். அம்மா தூரத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்து இலையை வாங்கிக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பூவை என் பின்னலில் செருகினார். அந்த முரட்டுக் கையால் செருகியதில் தலைமுடி இழுபட்டு வலித்தது.

"அம்மனுக்கு ரெண்டு தடவ சொல்லணும்னு தோணியிருக்கும்மா" என்றார். "அம்மாகிட்ட சொல்லாத. சாமி காரியத்த வெளிய பேசக் கூடாது."

நான் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளையைச் சிவப்பாக்கிய அம்மன்மேல் எனக்கு அவ்வளவு கோபம். ஒருமுறை மாட்டேன் என்றால் போதாதா, இரண்டு முறை சொல்ல வேண்டுமா? வெகுநாள் அந்தக் கோவிலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். மடித்தது அப்பா என்பது எனக்குத் தெரியும். முதுகு காட்டி உட்கார்ந்து மடித்ததைப் பார்த்தும் இருக்கிறேன். ஆனாலும் அதில் அப்பாவின் கை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வயதில் சண்டை என்றால் இரண்டு பக்கம், அவ்வளவுதான். ஒரு மனிதர் தன் பக்கத்தைத் தானே தோற்கடித்துவிட்டு, தோற்றுப்போனதாக எல்லாரையும் நம்பவைத்து வீட்டுக்கு வருவார் என்பது எனக்கு எட்டவில்லை. அம்மா கடைசிவரைக்கும், "அந்த விஷயத்துல அம்மன் என் பக்கம் நின்னா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா ஒருமுறைகூட மறுக்கவில்லை.

பாயின் வேன் வந்தது. சாம்பல் நிறம், உள்ளே யாரோ தெளித்த அத்தர் வாசனை. வாடகை வண்டிக்குப் பூசை போடலாமா என்று மாமா சந்தேகப்பட்டார். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்க அப்பா பாயிடம் அனுமதி கேட்டார். "வைங்கண்ணே, பழம்தானே, டயர் ஒன்னும் சொல்லாது" என்றார் அவர்.

அந்த வேனில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து போன முதல் பயணம் சுங்கை நிபோங் பேருந்து நிலையத்துக்கு. காலைப் பேருந்தில் அண்ணன் சிங்கப்பூர் போகிறார். கொஞ்ச நாள் வேலைக்குப் போகிறார், தீபாவளிக்கு வந்துவிடுவார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். தீபாவளி என்றால் அடுத்த மாதம் மாதிரித்தான் எனக்குப் பட்டது. அவர் வந்தார்தான், அந்தத் தீபாவளிக்கும் பிறகு பல தீபாவளிகளுக்கும். பலகாரம் வாங்கிக்கொண்டு விருந்தாளியாக வந்தார், விடுமுறை முடிந்ததும் போனார்.

அன்று காலை நான் சந்தோஷமாகவே இருந்தேன். முதன்முறையாக ஒரே நடையில் எல்லாரும் போகிறோம். யாரும் கீழே நிற்கவில்லை. நடு வரிசையில் அக்கா, மாமா, குழந்தை. கடைசி வரிசையில் நானும் அண்ணனும். மருமகளுக்கான இருக்கையில் அண்ணனின் பெரிய பை உட்கார்ந்திருந்தது. வழி முழுக்க நான் பேசிக்கொண்டே வந்தேன். அண்ணன் எல்லாவற்றுக்கும் "ஆமாலா, ஆமாலா" என்றார். முன்னால் அப்பா, ஃபோர்க்லிஃப்ட்டில் உடையும் சாமானை ஏற்றியிருப்பவர்போல, குழி கண்ட இடத்திலெல்லாம் வேகத்தைக் குறைத்து ஓட்டினார். பேருந்து போய்விடும் என்று அம்மா இரண்டு முறை சொல்லியும் வேகம் கூடவில்லை.

நிலையத்தில் அப்பா அண்ணனோடு பேசுவதைத் தவிர மற்ற எல்லாம் செய்தார். பேருந்தின் டயர்களைப் பார்த்தார். ஓட்டுநரிடம் வழியில் மழை உண்டா என்று கேட்டார். பையை அடியில் வைத்த பையனிடம் சரியாக வைக்கச் சொல்லி, திருப்தி இல்லாமல் தானே எடுத்து வைத்தார். அண்ணன் காலில் விழக் குனிந்தபோது பாதியிலேயே தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். "போனதும் போன் பண்ணு" என்றார். அவ்வளவுதான். அம்மா அழுதார், அக்கா அழுதார், அக்கா அழுவதைப் பார்த்துக் குழந்தையும் அழுதது.

அண்ணன் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "பாப்பா, இனி பின் வரிசை முழுக்க உனக்குத்தான். காலை நீட்டி ராணி மாதிரி உட்காரு" என்றார். எனக்கு அது பெரிய பரிசாகப் பட்டது. அவர் கன்னத்தைக் கிள்ளியதைக்கூடத் தட்டிவிட்டு, யாராவது இடத்தைப் பிடிப்பதற்குள் வேனுக்கு ஓடினேன். ஜன்னல் வழியே கூட நான் அவர் ஏறியதைப் பார்க்கவில்லை. காலை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் வந்து ஏறினார்கள். அப்பா சாவியைப் போட்டார், ஆனால் வண்டியைக் கிளப்பவில்லை. எங்களுக்குப் பின்னால் பேருந்து உறுமிக்கொண்டு நகரும் சத்தம் கேட்டது. "போலாங்க" என்றார் அம்மா. அப்பா கையை நீட்டி, தலைக்குமேல் இருந்த கண்ணாடியைச் சரிசெய்தார். அதில் அவருடைய கண்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. அசையாமல் பின்பக்கமே பார்த்தன.

இவ்வளவு பேர் இருக்கும் வண்டியில் அப்பா என்னைத்தான் தேடிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கையசைத்தேன். அப்பாவின் கண்கள் என்னைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. குள்ளமாக இருப்பதால் தெரியவில்லை போலிருக்கிறது என்று, இருக்கையின் மேல் ஏறி நின்று, பின்கண்ணாடியை முழுக்க மறைத்துக்கொண்டு, இரண்டு கையையும் ஆட்டினேன்.